கம்பஸ் பிள்ளைகளும் நிலாவெளி வீதிக் கடைகளும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியவை. கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குப் புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்கிறார்கள், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: ஹற்றனில் இருந்து வந்து திருகோணமலை வளாகத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். மகாபொலப் புலமைப்பரிசில் காசு மட்டும்தான் கையில். மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் மாதம் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. எந்தக் கடை எனக்குக் கட்டுப்படியாகும்?
— ஒரு மாணவி, கோணேசபுரி

பதில்: தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள். அந்த 7,500 ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 250 ரூபாய். ஒரு மரக்கறிச் சோற்றுப் பார்சலோடு அது கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும். அதனால் எந்தக் கடை என்று கேட்பதற்கு முன்னால் எந்த வேளைக்குக் கடைக்குப் போவது என்று முடிவெடுங்கள். என்னைக் கேட்டால் மதியம் மட்டும்.

ஏனென்றால் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் உண்மையாக உழைப்பது மதியச் சோற்றுக்குத்தான். விடியப்புறம் தேங்காய் துருவி, பருப்பு அவித்து, கீரை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு குழம்பு, சொதி என்று பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் இறக்கி, இரண்டு மணிக்குள் விற்றுத் தீர்த்துவிடுவார்கள். அதே கடையின் இரவுக் கொத்து ரொட்டிக்கு மதியச் சோற்றைவிடக் கூடக் காசு கொடுக்கிறீர்கள், அதில் மரக்கறி என்று பார்த்தால் கொஞ்சம் கோவாவும் கரட்டும் லீக்ஸும். காசுக்கும் உடம்புக்கும் மதியச் சோறுதான் சரி. பன்னிரண்டரைக்குள் போங்கள், ஒன்றரைக்குப் பிறகு போனால் வறையும் சம்பலும் முடிந்து பருப்பும் குழம்பும்தான் மிஞ்சியிருக்கும்.

காலைச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போகவே தேவையில்லை. நிலாவெளி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் இடியப்பம் அவித்து எண்ணிக்கைக்கு விற்கிற வீடுகள் இருக்கின்றன, போர்டு எதுவும் இருக்காது, உங்கள் போடிங் வீட்டு அக்காவைக் கேட்டால் காட்டித் தருவார். நாலு பேர் சேர்ந்து மொத்தமாகச் சொல்லி வைத்தால் சொதியும் சம்பலும் சேர்த்தே தருவார்கள். அந்தக் காசு ஒரு வீட்டு அடுப்புக்கு நேரே போகிறது, அதுவும் எனக்குப் பிடித்த விஷயம். இரவுக்குப் பாணும் பருப்பும், அல்லது போடிங்கில் சமைக்க விட்டால் உங்கள் ஊர்த் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். மலையகத்துப் பிள்ளைக்கு ரொட்டி தட்ட நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கவனம். சில கடைகளில் கொப்பியில் எழுதிக்கொண்டு மாதக் கடைசியில் காசு வாங்குவார்கள். அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் காசு கொடுக்காதபோது ஒரு றோல்ஸ், ஒரு நெக்டோ சோடா என்று தெரியாமலே ஏறிவிடும். எழுதத்தான் வேண்டும் என்றால் மதியச் சோறு மட்டும் எழுதச் சொல்லுங்கள், மற்றதை அப்போதே கொடுத்து முடியுங்கள்.

*

கேள்வி: டவுனில் நல்ல கொத்து எங்கே? சுற்றி வளைக்காமல் கடையின் பெயரைச் சொல்லுங்கள்.
— மூன்றாம் வருட மாணவன், உப்புவெளி

பதில்: பெயர் சொல்வதில் எனக்குப் பயமில்லை தம்பி, ஆனால் சொன்னால் உங்களுக்குப் பிரயோசனம் இருக்காது. கொத்து கடையின் சமையல் அல்ல, கல்லுக்கு முன்னால் நிற்கிறவரின் கைவேலை. அவர் மாறினால் கடை மாறிவிட்டது என்றுதான் அர்த்தம். நம் ஊரில் அவர் மாறிக்கொண்டே இருப்பார். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் சீசன். அந்த நேரம் டவுன் கடையில் நிற்கிற கைதேர்ந்த ஆளுக்குக் கடற்கரை ஹோட்டலில் கூடுதல் சம்பளம் கிடைக்கும், போய்விடுவார். பெப்ரவரியில் அருமையாக இருந்த கொத்து ஜூலையில் வாயில் வைக்க முடியாமல் இருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம், முதலாளி ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள்.

அதனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். நல்ல கொத்துப் போடுகிறவர் முதலில் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கறிவேப்பிலையையும் எண்ணெயில் விட்டு, வாசம் எழும்பும் வரைக்கும் ரொட்டியைத் தொடமாட்டார். அப்புறம் முட்டையை ஒரு பக்கத்தில் ஊற்றி, அது பாதி இறுகிய பிறகுதான் கலப்பார். ரொட்டி கடைசி. குழம்பைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ரொட்டி அதை உறிஞ்ச நேரம் கொடுத்துக் கொத்துவார். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டி, மேலே ஒரு அகப்பை குழம்பை ஊற்றி, தகடு இரண்டையும் டக்கு டக்கு என்று அடிக்கிறவரிடம் சத்தம்தான் இருக்கும், கொத்து களியாக வரும். ரொட்டியையும் பாருங்கள். அன்று போட்ட ரொட்டி வெட்டும்போது இழுபடும், நேற்றையது காய்ந்த ஓலை மாதிரி உடைந்து தூளாகும். வாசலில் இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் இவ்வளவும் தெரிந்துவிடும், கொத்துக் கல்லை வாசலில் வைத்திருக்கிறார்களே, நாம் பார்க்கத்தான்.

கொத்து கிழக்கில்தான் பிறந்தது என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு ஏற்ற கொத்து கிண்ணியா, மூதூர் பக்கத்துக் கைகளிடம் இன்னமும் இருக்கிறது. டவுனில் நல்ல கொத்துக் கிடைத்தால் போட்டவரின் ஊரைக் கேட்டுப் பாருங்கள்.

*

கேள்வி: நான் வெள்ளிக்கிழமை சைவம். நண்பர்களோடு போகும்போது மரக்கறிக் கொத்து, மரக்கறி ரைஸ் வாங்குகிறேன். அது உண்மையில் சைவம்தானா?
— சித்த மருத்துவ மாணவி, திருகோணமலை

பதில்: பெரும்பாலான கடைகளில் இல்லை. அதே கல், அதே தகடு, சற்று முன் கோழிக் கொத்துப் போட்ட எண்ணெய். துடைத்துவிட்டுப் போடுவார்கள், கழுவ மாட்டார்கள். ரொட்டிக்கு விடுகிற குழம்பும் சில கடைகளில் இறைச்சிக் குழம்பாகவே இருக்கும், கேட்டால்தான் மாற்றுவார்கள். கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். முஸ்லிம் பிள்ளைகள் ஹலாலா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள், யாரும் கோபிப்பதில்லை. அதே உரிமை உங்களுக்கும் உண்டு.

விரதம் என்று கண்டிப்பாக இருந்தால் டவுனில் சைவக் கடைகளுக்கே போய்விடுங்கள். கோயில்கள் நிறைந்த ஊர் இது, பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் போகிறவர்களுக்கு மதியச் சோறு, மாலையில் தோசையும் உளுந்து வடையும் கிடைக்காமல் போகாது. வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் அன்றைக்குத்தான் கறிவகையும் கூட.

*

கேள்வி: வளாகத்துப் பிள்ளைகளை நம்பித்தான் கடை நடத்துகிறேன். போன மாதம் ஒரு நாள் சோறு பிந்திவிட்டது. அன்றைக்கு வந்த சில மாணவர்கள் கூகுள் மப்பில் ஒரு நட்சத்திரம் போட்டு, 'சாப்பிடவே கூடாத கடை' என்று எழுதி, வட்ஸ்அப் குறூப்பிலும் பரப்பிவிட்டார்கள். பாதி வியாபாரம் போய்விட்டது. இது நியாயமா ஐயா?
— கடைக்காரர் ஒருவர், நிலாவெளி வீதி

பதில்: நியாயமில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கடையைப் பற்றி எழுதுவது உங்கள் உரிமை, நல்லதும்கூட, உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்கு அது வழிகாட்டும். ஆனால் ஒரு நாள் சாப்பாட்டை வைத்து ஒரு கடையை எழுதித் தீர்த்துவிடாதீர்கள். அந்த அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரு குடும்பம், ஒரு சமையற்காரர், ஒரு பையன், அவ்வளவுதான். கரண்ட் போயிருக்கலாம், தேங்காய் கிடைக்காமல் இருந்திருக்கலாம், பையனுக்குக் காய்ச்சலாக இருக்கலாம். இன்னொரு நாள், வேறொரு வேளைக்குப் போய்ப் பாருங்கள். குறை என்றால் முதலில் முதலாளியிடம் சொல்லுங்கள், அவர் எப்படி முகம் கொடுக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஒரு கடையின் தரத்தில் அதுவும் உண்டு. எழுதும்போது என்ன சாப்பிட்டீர்கள், எந்த நேரம், என்ன விலை, என்ன சரியில்லை என்று எழுதுங்கள். 'சோறு ஆறிப்போயிருந்தது, சொதி புளித்திருந்தது' என்று எழுதினால் கடைக்காரருக்குத் திருத்த வழி இருக்கிறது. 'சாப்பிடவே கூடாது' என்பதை வைத்து அவர் எதைத் திருத்துவது?

இந்தக் கடைகள் எதையெல்லாம் தாண்டி வந்தன என்பதையும் யோசியுங்கள். 2021 இல் 1,500 ரூபாய்க்குள் வாங்கிய 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 நடுவில் 4,900 ரூபாயைத் தாண்டியது. அதுவும் கைக்குக் கிடைத்தால். அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். விறகடுப்பு மூட்டி, கண் எரிய எரிய உங்கள் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் சோறு போட்டவர்கள் இவர்கள். 2024 கடைசியில் தேங்காய் ஒன்று 200 ரூபாய் வரைக்கும் போனபோது சொதி தண்ணீரானது உண்மைதான், ஆனால் விலையைக் கூட்டாமல் சமாளிக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது.

இனி உங்களுக்கு, அண்ணா. கோபத்தில் குறூப்பில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். கூகுளில் அந்தக் கருத்துக்குக் கீழேயே உரிமையாளராகப் பதில் எழுதலாம், வளாகத்துப் பிள்ளை யாரையாவது பிடித்தால் செய்து தருவார். அன்றைக்கு என்ன நடந்தது என்று இரண்டு வரியில் உள்ளதை எழுதுங்கள். பிந்தியது பிந்தியதுதான், அதை மறைக்க வேண்டாம். அப்புறம் வந்தவர்கள் ஏன் உங்களிடம் நேரே சொல்லவில்லை என்றும் யோசியுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள், வேறு இடமில்லாமல்தானே வருகிறார்கள் என்ற எண்ணம் சில கடைகளில் வந்துவிடுகிறது. மேசையைத் துடைக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பது, இன்னும் கொஞ்சம் பருப்புக் கேட்டால் கேட்காத மாதிரி நிற்பது. உங்கள் கடை அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரக்கறிச் சோறு வாங்குகிற பிள்ளைக்கும் இறால் கறி வாங்குகிறவருக்கும் ஒரே முகத்தோடு பரிமாறுகிற கடையைப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்கமாட்டார்கள், யார் என்ன எழுதினாலும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. சாப்பிட்டு வயிற்றோட்டம், வாந்தி என்று இரண்டு மூன்று பேருக்கு வந்தால் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதுதான் நாம் பி.எச்.ஐ என்கிறவரிடம், சொல்லுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடையைச் சோதிக்கவும், மாதிரி எடுக்கவும், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. மிச்சச் சாப்பாடு இருந்தால் குப்பையில் போடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, அவரிடம் போகும்போது கொண்டுபோங்கள்.

*

கேள்வி: கடற்கரைப் பக்கத்துக் கடை ஒன்றில் வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை. சீசனில் எங்களுக்கும் அந்த விலையே. கேட்டால் 'விருப்பமென்றால் சாப்பிடு' என்கிறார்கள். என்ன செய்வது?
— நான்கு மாணவர்கள், நிலாவெளி

பதில்: விலைப்பட்டியல் எங்கே என்று கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும். தராவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். சீசனில் விலை கூடுவதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன், அந்த ஐந்து மாத உழைப்பில்தான் மழைக்காலத்தை ஓட்டுகிறார்கள். விலை எழுதாமல் ஆளைப் பார்த்துச் சொல்வதுதான் பிழை, அது யாருக்குச் சொன்னாலும் பிழை, வெள்ளைக்காரருக்கு உட்பட. நீங்கள் கடற்கரை வரிசையை விட்டு வீதிக்கு இந்தப் பக்கம் வாருங்கள். மீன்பிடிக்கிறவர்களும் ஓட்டோக்காரரும் சாப்பிடுகிற கடைகள் இருக்கின்றன, அங்கே சூரை மீன் குழம்பு கடற்கரை ஹோட்டலில் தருவதைவிட நன்றாக இருக்கும்.

*

கேள்வி: லஞ்ச் சீட்டைத் தடை செய்துவிட்டார்கள் என்றார்கள். ஆனால் எல்லாக் கடையிலும் அதில்தானே பார்சல் கட்டுகிறார்கள்?
— வாசகர், ஓர்ஸ் ஹில்

பதில்: பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. அதற்குப் பதிலாக மட்கக்கூடியது என்ற பெயரில் வருகிறவற்றில் எது உண்மை, எது பழையது என்று கண்ணால் சொல்வது கஷ்டம். அதனால் நான் மாணவர்களுக்குச் சொல்வது, ஒரு சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். கொதிக்கிற குழம்பைப் பொலித்தீனில் ஊற்றிச் சாப்பிடுவதைவிட அது எவ்வளவோ மேல். பெட்டி கொண்டுபோகிற பிள்ளைக்குக் கடைக்கார அக்கா சோறும் கொஞ்சம் கூடவே போடுவார்.

*

கேள்வி: மட்டக்களப்பில் இருந்து அம்மாவும் அப்பாவும் முதன்முறையாகப் பார்க்க வருகிறார்கள். ஒரு நேரமாவது நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்க ஆசை, என்னிடம் நாலாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. எங்கே கூட்டிப் போகலாம்?
— இரண்டாம் வருட மாணவன், ஆறாம் கட்டை

பதில்: நல்ல பிள்ளை. மூன்று பேருக்கு நாலாயிரம் போதும், ஆனால் கடற்கரையில் மேசை விரிப்புப் போட்ட ஹோட்டலுக்குப் போகாதீர்கள், அங்கே ஒரு தட்டு நண்டோடு கணக்கு முடிந்துவிடலாம், அப்பா விலையைப் பார்த்துவிட்டுப் பசியில்லை என்பார். மட்டக்களப்பு ஆட்களுக்கு மீனும் நண்டும் புதிதல்ல, அதனால் சமையல் சரியாக இருக்க வேண்டும், அலங்காரம் தேவையில்லை.

காலையில் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். கோட்டைக்குள்ளால் நடந்து ஏறி, சாமி கும்பிட்டு, கடலைப் பார்த்துவிட்டு இறங்கும்போது பசி வந்துவிடும். கோயிலுக்குப் போன நாளில் அம்மா மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடமாட்டார் என்றால் டவுனில் சைவச் சாப்பாடு, அதோடு கிண்ணியாவில் இருந்து வருகிற எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி, பாணி விட்டுக் கொடுங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்ததில் இருந்து தயிர் டவுனுக்கு வருவது லேசாகிவிட்டது. மச்சம் என்றால் கோயிலை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக மதியச் சோறு சாப்பிடுகிற கடையிலேயே முதல் நாள் போய், நாளைக்கு அம்மா அப்பா வருகிறார்கள், பாரை மீன் பொரியலும் கணவாய்க் கறியும் வேண்டும் என்று சொல்லி, கொஞ்சம் முற்பணமும் கொடுத்துவிடுங்கள். சின்னக் கடைகள் இதைச் சந்தோஷமாகச் செய்யும், விடியவே மீன் வாங்கப் போகிறவர்கள்தானே, உங்களுக்கென்று ஒன்றைப் பார்த்து எடுத்து வருவார்கள். விலையை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

நவம்பர், டிசம்பரில் வருவதாக இருந்தால் மட்டும் மீனை நம்ப வேண்டாம். கடல் கொந்தளிப்பாக இருக்கும், வள்ளங்கள் போகாத நாளில் வருவதெல்லாம் பழைய மீன், விலையும் இரட்டிப்பு. அப்போது ஊர்க்கோழி சொல்லிவிடுங்கள், அதற்கும் முதல் நாளே சொல்ல வேண்டும்.